வருகைப் பதிவேட்டின் மௌனங்கள்

ஒரே பெஞ்சில் அமர்ந்து பயின்றவர்கள் ஐம்பதாவது வயதில் எங்கே நிற்கிறார்கள்? காவிரிக் கரைக் கல்லூரி வகுப்பொன்றின் வரலாறு

“நம்பர் ஒன்.”

“பிரசன்ட் சார்!”

எழுபத்தெட்டுப் பிராயம் நிரம்பிய பேராசிரியர், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, ஓரங்கள் செல்லரித்துப் பழுப்பேறிப்போன நீண்ட பதிவேட்டில் விரல் வைத்து ஒவ்வோர் எண்ணாக வாசித்தபோது, படிப்படியாக உயர்ந்து செல்லும் அந்தப் பழைய வேதியியல் விரிவுரைக் கூடத்தின் பெஞ்சுகளில் நரைத்த தலைகளோடு நெருக்கியடித்து அமர்ந்திருந்தவர்கள், தத்தம் எண் வந்ததும் பதினெட்டு வயதில் எழுந்தது போலவே வெடுக்கென்று எழுந்து நின்றார்கள். அவர்களுள் ஒருவர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நூறு கோப்புகளில் கையெழுத்திடுபவர். இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து இதற்கென்றே பதினைந்து நாள் விடுப்பெடுத்து வந்தவர். மூன்றாமவர் அன்று விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காலில் ஒட்டிய சேறு முழுதும் போகாமலே பேருந்து ஏறியவர். எண்ணை அழைத்த குரலுக்கு முன்னால் மூவரும் ஒன்றுபோலத்தான் எழுந்தார்கள்.

“இருபத்து மூன்று” என்றார் பேராசிரியர். பதில் வரவில்லை. அடுத்த எண்ணுக்குச் செல்லாமல் விரலை அங்கேயே வைத்திருந்தவர், சற்றுப் பொறுத்து, “சால்ட் அனாலிசிஸ்ல அவன்தானய்யா எப்பவும் முதல்ல முடிச்சு வெளியில வருவான். எங்கே அவன்?” என்று கேட்டார். இரண்டாம் வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1993 முதல் 1996 வரை இளநிலை வேதியியல் பயின்ற எங்கள் வகுப்பில் மொத்தம் 46 பேர். சென்ற ஆகஸ்ட் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, ‘பிரசன்ட் சார்’ என்ற குரல் 29 முறை ஒலித்தது. 17 முறை ஒலிக்கவில்லை. அந்தப் பதினேழு மௌனங்களுக்கும் காரணங்களை விசாரித்துச் சென்றபோது, கால் நூற்றாண்டுத் தமிழகத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதியே எங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டோம்.

ஊர்தோறும் கூடல்கள்

கோடை விடுமுறையானாலும் பொங்கல் விடுமுறையானாலும், தமிழ்நாட்டின் சிற்றூர்க் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் நடைபெறும் விசேஷங்களுள் முன்னாள் மாணவர் சந்திப்பு இன்று முதன்மையான இடத்தைப் பிடித்துவிட்டது. ஒரே நிறத்துச் சட்டை, ஒரே கரைச் சேலை, வாசலில் பிளெக்ஸ் பலகை, மேடையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை, மதியம் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் குழுப் புகைப்படம் என்று அதற்கென ஒரு சம்பிரதாயமே உருவாகியிருக்கிறது. வாட்ஸ்அப் செயலியின் ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம் என்ற வசதி 2016-இல் வந்தபோது, ஒரு வகுப்பு மட்டுமன்றி ஒரு துறையே ஒரு குழுவில் அடங்கும் நிலை வந்தது. அதுவரை கல்யாணப் பத்திரிகைகளாலும் பேருந்து நிலையத்துத் தற்செயல் சந்திப்புகளாலும் மட்டுமே உயிர் தரித்திருந்த சிநேகிதங்கள் மீண்டும் துளிர்த்தன.

அந்தத் துளிர்ப்பு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கூடியவர்களின் மகிழ்ச்சியை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால், கூடாதவர்களின் விருத்தாந்தம் எவராலும் எழுதப்படாமலே போய்விடும்.

பெட்டிச் செய்தி: ஒரு வகுப்பின் வாழ்வைத் திருப்பிய ஆண்டுகள்

● 1989: தமிழக அரசுப் பணிகளில் மகளிருக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு.
● 1991: நாட்டின் புதிய பொருளாதாரக் கொள்கை, அதே ஆண்டு காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு.
● 1995: ஜூலை 31-இல் இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு, ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இணைய சேவை.
● 2000: சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறப்பு.
● 2003: ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்வோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்.
● 2011: திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு.
● 2018: பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு, தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி.; நவம்பர் 16-இல் கஜா புயல்.

ஒரே பெஞ்சு, இரண்டு ஓய்வூதியங்கள்

மூன்றாம் வரிசையின் சுவரோர இடத்தில் மூன்றாண்டுகளும் அருகருகே அமர்ந்து, ஒரே ரெக்கார்டு நோட்டை மாற்றி மாற்றிப் பார்த்தெழுதிய இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வெழுதி 2000-ஆம் ஆண்டில் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். மற்றவர் பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கொருமுறை தவறாமல் புதுப்பித்து, தனியார் பள்ளியொன்றில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தி, கடைசியில் 2004-இல் தொகுப்பூதிய ஆசிரியராக நியமனம் பெற்று, 2006 ஜூன் மாதத்தில்தான் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்.

அறிவிலோ உழைப்பிலோ இருவருக்கும் அணுவளவும் வித்தியாசமில்லை. 2003 ஏப்ரல் 1 என்ற ஒரு தேதியே அவர்களைப் பிரித்தது. முன்னவர் கடைசி ஊதியத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர். பின்னவரின் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் மாதந்தோறும் பிடிக்கப்பட்டது. அந்த வேறுபாட்டை நீக்கக் கோரியே அவருடைய நடுவயதின் விடுமுறை நாட்கள் பல போராட்டப் பந்தல்களில் கழிந்தன. அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-இல் 59 என்றும் 2021-இல் 60 என்றும் உயர்த்தப்பட்டபோது, “எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாடம் நடத்தலாம்னு சந்தோஷந்தான். ஆனா என் பையன் வயசுப் பசங்க வேலைக்குக் காத்துக்கிட்டிருக்காங்களே, அதை நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆயிடுது” என்றார் அவர். அந்த வார்த்தையில் பொய்யில்லை. தாம் காத்திருந்த எட்டு ஆண்டுகளை அவர் மறக்கவில்லை.

சாயம் கலைந்தபோது

வேதியியல் பட்டதாரிக்கு அந்நாளில் திறந்திருந்த வாசல்கள் சிலவே. கழுத்துப் பட்டையும் தோற்பையுமாக மருத்துவர் வீட்டு வாசலில் காத்து நிற்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதி உத்தியோகம் ஒன்று. கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகள் ஒன்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மற்றொன்று. எம்.சி.ஏ. படிக்க வீட்டில் வசதியிருந்த நால்வர் மட்டும், கணினிகளில் ஈராயிரமாவது ஆண்டுக் கோளாறு பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியிருந்த சமயத்தில், மென்பொருள் துறையில் நுழைந்து கடல் கடந்தார்கள்.

திருப்பூருக்குச் சென்றவர்களுள் ஒருவர் எங்கள் கூடலுக்கு வந்திருந்தார். வாடிக்கையாளர் அனுப்பும் துணித்துண்டின் நிறத்தை, சாயப்பொடிகளை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துக் கலந்து, சிறு குடுவையில் துணியை முக்கி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ‘லேப் டிப்’ வேலையில், பட்டறையிலேயே அவருக்கு இணையில்லை என்று பெயர் வாங்கியவர். அந்நிறங்களின் எச்சமெல்லாம் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. கரையோரத்து வேளாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரி இறுதியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலை எய்தும்வரை பட்டறைகள் மூடப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, அவருக்கு வயது 35. மூத்த பெண் ஐந்தாம் வகுப்பு. வீட்டுக் கடன் தொடங்கி இரண்டு வருஷம்.

“ஆறு மாசம் பனியன் கம்பெனியில பேக்கிங் பார்த்தேன். அந்த நேரத்துல கோர்ட்டைத் திட்டாத நாளில்ல. ஆனா எங்க அப்பாவும் விவசாயிதானே! அவர் கிணத்துல சாயத்தண்ணி வந்திருந்தா நானும்தானே வழக்குப் போட்டிருப்பேன்?” என்று அவர் கேட்டபோது, கூடத்தில் இருந்த வேளாண் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் தலையசைத்தார்கள். இன்று அவர் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரிகிறார். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பை மீட்டெடுத்துத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பும் வேலை. விரல் நகங்களின் ஓரத்தில் ஒரு காலத்தில் கழுவியும் போகாதிருந்த நீலம் இப்போது இல்லை என்று கைகளை விரித்துக் காண்பித்தார். தான் படித்த சாஸ்திரத்தால் நேர்ந்த கேட்டை, அதே சாஸ்திரத்தைக் கொண்டு நடுவயதில் சரிசெய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை.

தலைப்பெழுத்து மாறியவர்கள்

எங்கள் வகுப்பில் பெண்கள் 14 பேர். கூடலுக்கு வந்தவர்கள் ஐவர். வராத ஒன்பது பேரில் எழுவரை, எவ்வளவு முயன்றும் எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இதன் காரணம் மிகச் சாதாரணமானது. சாதாரணமாக இருப்பதாலேயே வேதனை தருவது. ஆண் ஒருவனின் தலைப்பெழுத்து பிறந்த நாள் முதல் இறுதிவரை ஒன்றுதான். தந்தையின் ஊரும் வீடும் அவனுடைய நிரந்தர விலாசம். பெண்ணுக்கோ, திருமணத்தன்று தந்தையின் எழுத்து நீங்கிக் கணவரின் எழுத்து வந்து சேர்கிறது, ஊர் மாறுகிறது, கைபேசி எண் பல வேளைகளில் கணவரின் பெயரிலோ மகனின் பெயரிலோ இருக்கிறது. பதிவேட்டில் உள்ள பெயரைக் கொண்டு தேடுவோருக்கு, அந்தப் பெயரில் ஒருவர் இன்று இல்லை. பிறந்த வீட்டுக் கதவைத் தட்டினால், “அவ வீட்டுல கேட்டுட்டுச் சொல்றோம்” என்ற விடையோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

வந்திருந்த ஐவரில் ஒருவர், எங்கள் வகுப்பின் முதல் மதிப்பெண் பெற்றவர். 1989 முதலே அரசுப் பணியில் மகளிருக்கு 30 சதவீத ஒதுக்கீடு இருந்தும், தேர்வு மையத்துக்கு அழைத்துச் செல்ல வீட்டில் ஆளில்லை என்ற ஒரே காரணத்தால் தேர்வாணையத் தேர்வை எழுதாமல் விட்டவர் அவர். திருமணமாகி இருபது ஆண்டுகள் வரை அடுப்படிக்கும் மாமியாரின் மருந்துக்கும் இடையே காலத்தைச் செலவிட்ட பிறகு, மகன் கல்லூரிக்குச் சென்ற வருஷத்தில், வீட்டு மாடியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் ஆரம்பித்தார். இன்று மாலைதோறும் முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். மேடையில் அவர் அதிகம் பேசவில்லை. “ரிசல்ட் வந்தன்னிக்கு எங்க அப்பா ஊருக்கெல்லாம் சாக்லேட் குடுத்தாரு. அதுக்கப்புறம் அந்த மார்க் ஷீட்டை நான் எடுத்துப் பாத்தது போன வருஷந்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கி வந்தவரின் கையைப் பேராசிரியர் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

செங்கல் நிறப் படிவு

மதிய உணவுக்கு இலை போட்டதும் பந்தியில் பாதிப்பேர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார்கள். ஒரு காலத்தில் இதே ஆய்வுக்கூடத்தில், பெனடிக்ட் கரைசலோடு குளுக்கோஸைச் சேர்த்துச் சூடாக்கி, நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, முடிவில் செங்கல் நிறத்தில் படிவதைக் கண்டு, “சர்க்கரை இருக்கிறது” என்று ஆய்வேட்டில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், அதே சர்க்கரையைத் தங்கள் இரத்தத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இது எங்கள் வகுப்பின் தனித் துரதிர்ஷ்டமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களுள் 14.4 சதவீதத்தினருக்கு அந்நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வந்து மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. எங்களில் கிராமத்தில் வசிக்கும் சிலருக்கு அதுவே மருந்து விடுபடாமல் காத்து வருகிறது.

பதிலில்லாத பதினேழு எண்களில் நான்கு எண்களுக்கு இனி எந்நாளும் பதில் வராது. மாரடைப்பு இருவரைக் கொண்டுபோயிற்று. இருவரும் ஐம்பதைக் காணாதவர்கள். மற்ற இருவர், பிராணவாயு உருளைக்காக நாடே அலைந்த 2021-ஆம் ஆண்டின் அந்தக் கொடிய மே மாதத்தில் பத்து நாட்கள் இடைவெளியில் மறைந்தார்கள். அந்நால்வரின் எண்களையும் பேராசிரியர் அழைக்கவே செய்தார். ஒவ்வொரு முறையும் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது.

எண்பதுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

ஐம்பது வயது என்பது இரு தலைமுறைகளின் பாரமும் ஒரே தோளில் இறங்கும் பிராயம். ஒரு பக்கம் எண்பதை நெருங்கும் பெற்றோர்; மறுபக்கம் நீட் தேர்வுக்கோ பொறியியல் கலந்தாய்வுக்கோ காத்திருக்கும் பிள்ளைகள். எங்கள் பெற்றோர் முதுமையடைந்தபோது, அவர்களைத் தாங்க எங்கள் உடன்பிறந்தோர் நால்வரும் ஐவரும் இருந்தார்கள். ஒருவர் வீட்டில் ஆறு மாதம், இன்னொருவர் வீட்டில் ஆறு மாதம் என்று பகிர்ந்துகொள்ள முடிந்தது. எங்களுக்கோ பிள்ளை ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதிலும் ஒருவர் பெங்களூருவில், மற்றவர் வெளிநாட்டில்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதை எண்களில் காட்டுகிறது. 1992-93-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 குழந்தைகள், 2019-21-இல் 1.8. மக்கள்தொகையில் அறுபது வயது கடந்தோரின் விகிதத்தில், மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்த ஸ்தானம் தமிழகத்துக்கே. அத்தையும் சித்தப்பாவும் மாமனும் பெரியம்மாவுமாக விரிந்திருந்த சுற்றம் சுருங்கிக்கொண்டே போகிறது. நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திடவும், துக்கத்தில் வந்து திண்ணையில் உட்காரவும், இனிவரும் இருபது ஆண்டுகளில் யார் இருப்பார்கள் என்ற கேள்வி எழுகிறது. ரத்த உறவின் காலியிடத்தை நிரப்பக்கூடிய நெருக்கம் வேறெங்கேனும் உண்டென்றால், அது உள்ளூரில் மிஞ்சியிருக்கும் பழைய வகுப்புத் தோழமையில்தான் உண்டு என்பது எங்கள் அனுபவம். சென்ற ஆண்டு, துபாயில் இருக்கும் ஒருவரின் தாயார் நள்ளிரவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அறுவை அரங்கின் வாசலில் விடியும்வரை காத்திருந்தவர்கள், முப்பதாண்டுகளுக்கு முன் அந்த அம்மாளின் கையால் பொங்கல் சாப்பிட்ட இரு வகுப்புத் தோழர்களே.

பெட்டிச் செய்தி: வகுப்புத் தோழர்களை எண்பதாண்டுகள் தொடர்ந்த ஆய்வு

● அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இளநிலை மாணவர்கள் 268 பேரைத் தேர்ந்து, அவர்களுடைய வாழ்வை ஆண்டுக்காண்டு கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வு 1938-இல் தொடங்கியது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் எப். கென்னடியும் அவர்களுள் ஒருவர்.
● பாஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளின் சிறுவர்கள் 456 பேரைப் பற்றிய மற்றோர் ஆய்வும் பின்னர் இதனுடன் இணைந்தது. ஆரம்பத்தில் ஆடவர் மட்டுமே இடம்பெற்றனர். மனைவியரும் மக்களும் பிற்பாடு சேர்க்கப்பட்டனர்.
● ஆய்வின் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் கூறும் முக்கியமான முடிவு: எண்பது வயதில் எவர் நலமாக இருப்பார் என்பதை, ஐம்பது வயதில் அவருக்கிருந்த கொழுப்பின் அளவைவிட, ஐம்பது வயதில் உறவுகளில் அவர் கண்ட மனநிறைவே நன்றாகக் காட்டியது.

கைபேசிக் குழுவின் வெளிச்சமும் நிழலும்

குழு செய்த நன்மைகள் பல. இரத்தம் தேவையென்று இரவு பதினொன்றுக்கு வந்த ஒரு செய்திக்கு, நாற்பது நிமிஷத்தில் மூன்று பேர் மருத்துவமனை வாசலில் நின்றார்கள். மறைந்த தோழர் ஒருவரின் மகள் செவிலியர் படிப்பை முடிக்கும்வரை, மாதம் ஐந்நூறும் ஆயிரமுமாகத் தவறாமல் பணம் சேர்ந்தது.

ஆனால் அதே குழு சிலரைத் துரத்தியும் இருக்கிறது. புதுமனைப் புகுவிழாப் படம், வெளிநாட்டுச் சுற்றுலாப் படம், மகளுக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி ஆகியவை காலையும் மாலையும் வந்து விழும்போது, தொழில் முடங்கி, பிள்ளையின் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்துவிட்டு வரும் ஒருவர், வாழ்த்துச் சொல்லவும் இயலாமல் வாழ்த்தாதிருக்கவும் இயலாமல், ஓசையின்றி வெளியேறிவிடுகிறார். தேர்தல் காலத்தில் கட்சியும், ஊர்ச் சண்டையின்போது சாதியும் குழுவுக்குள் நுழைகின்றன. விடுதியில் ஒரே தட்டில் உண்டவர்கள், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தம் சாதிச் சங்கத்தின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு பேசுவதைப் பார்க்கும்போது, அந்த வகுப்பறை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த சமத்துவத்தை எங்கே தொலைத்தோம் என்று நெஞ்சு கேட்கிறது.

எல்லாவற்றினும் கொடியது பணம். மாதம் பத்து சதவீத லாபம் தருவதாக ஒரு தோழர் கொண்டுவந்த திட்டத்தில், அவர் முகத்துக்காகவே பணம் போட்ட ஆறு பேர் முதலை இழந்தார்கள். கொண்டுவந்தவரும் ஏமாந்தவரே, அவர் இழந்தது அவர்களைவிட அதிகம். அவர் இன்று எந்தச் சந்திப்புக்கும் வருவதில்லை.

பெட்டிச் செய்தி: நண்பரே முதலீடு கேட்டு வந்தால்

● பதிவு பெறாத வைப்புத்தொகைத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டம் உண்டு.
● சீட்டு நடத்துவதாயின் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்.
● ஏமாற்றப்பட்டால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம்.
● வகுப்புக்கெனப் பொது நிதி திரட்ட எண்ணினால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிந்து, வங்கிக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் வைத்துக்கொள்வதே சிநேகிதத்துக்குப் பாதுகாப்பு.

தோழன் ஒருவன் தட்டிய கதவு

தோழமையின் வலிமையை அறிய எங்கள் காவிரிக் கரையினர் தூரதேசம் போக வேண்டியதில்லை. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணிதமல்லாத பாடங்களில் தேறாமையால் அந்த உதவித்தொகையை இழந்து, பட்டமும் பெறாமல் சென்னையில் அலைந்த சீனிவாச ராமானுஜனை, அதிகாரியும் கணித ஆர்வலருமான ராமச்சந்திர ராவ் முதலில் ஐயத்தோடுதான் நோக்கினார். அந்த ஐயத்தைப் போக்கப் பரிந்து பேசியவர், ராமானுஜனின் இளமைக்கால நண்பராகிய சி. வி. ராஜகோபாலாச்சாரி. அதன் பின்பே மாதம் 25 ரூபாய் உதவி கிடைத்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலையும், பிறகு கேம்பிரிட்ஜும் வந்தன. தோற்றுப்போனவன் என்று உலகம் எழுதிவைத்த ஒருவனை, அவன் இன்னான் என்று அறிந்திருந்த நண்பன் கைவிடவில்லை.

நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்களைத் தொடர்ச்சியாகப் பாடிய வள்ளுவர், அவற்றுள் ஒன்றுக்குப் ‘பழைமை’ என்றே பெயரிட்டார். நெடுநாள் பழகியவரின் உரிமையையும், அவர் செய்யும் பிழையைப் பொறுத்தலையும் சொல்வதற்கென்றே ஓர் அதிகாரம் வேண்டும் என்று அவர் கருதியதன் அருமை, ஐம்பது வயதில்தான் முழுவதும் விளங்குகிறது.

இருபத்து மூன்றாம் எண்

கூடல் முடிந்த இரண்டாம் வாரம், அன்று இரண்டாம் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்த இருவரோடு, பட்டுக்கோட்டையில் பேருந்து மாறிப் பேராவூரணிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குச் சென்றேன். தென்னந்தோப்பின் நடுவே ஓட்டு வீடு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, அவருடைய தோப்பில் 140 மரங்களில் ஒன்பதை மட்டும் விட்டுச் சென்றது. விழுந்தவற்றை அறுத்து அப்புறப்படுத்தவே கடன் வாங்க நேர்ந்தது. புதிதாக நட்ட நெட்டை ரகக் கன்றுகள் பாளை விட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த ஆறேழு ஆண்டுகளில்தான் மகனின் கல்லூரிப் படிப்பும் தாயாரின் கடைசி நோயும் வந்தன. என்னோடு வந்த இருவரில் ஒருவரிடம் அவர் நாற்பதாயிரம் ரூபாய் கைமாற்றாக வாங்கியிருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாத வெட்கத்தில் குழுவிலிருந்து விலகினார், அழைப்பை எடுக்கவில்லை.

எங்களைக் கண்டதும் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். மட்டையோடு இளநீர் சீவித் தந்தார். ஒருவரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. நெடுநேரம் கழித்து அவரே சொன்னார்:

“நோட்டீஸ்ல ஆளுக்கு ரெண்டாயிரம்னு போட்டிருந்துச்சுடா. அதைக்கூடப் புரட்டியிருப்பேன். இவன் மொகத்த எப்படிப் பாக்குறதுன்னுதான் வரல.”

கடன் கொடுத்தவர் பதில் ஏதும் சொல்லாமல் எழுந்து, புதுக் கன்றுகளின் வரிசை ஓரமாக நடந்துபோய், முதல் பாளை விட்டிருந்த ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, “இது எத்தனையாவது வருஷம்டா?” என்று அங்கிருந்தே கேட்டார். இருவரும் தோப்புக்குள் நடந்தார்கள். இருட்டும்வரை திரும்பவில்லை.

அடுத்த கூடலுக்குத் தலைக்கட்டணம் இல்லை என்று எங்கள் வகுப்பு முடிவு செய்திருக்கிறது. இயன்றவர் இயன்றதைப் பெயர் எழுதாத உறையில் போடலாம். கண்டுபிடிக்க முடியாத எழுவரையும் தேடும் பொறுப்பை, வந்திருந்த ஐந்து பெண்களும் ஏற்றிருக்கிறார்கள். இருவரின் விலாசம் இதற்குள் கிடைத்துவிட்டது.

வாசகர்களே, உங்கள் வகுப்பிலும் பதில் வராத எண்கள் உண்டு. அவர்களுள் ஒருவரையேனும் நீங்கள் அறிவீர்கள். ஏன் வரவில்லை என்பதையும் ஒருவாறு அறிவீர்கள். அடுத்த சந்திப்புக்குச் சட்டையின் நிறத்தைத் தீர்மானிக்கும் முன், அவருடைய ஊருக்கு ஒருமுறை போய்வாருங்கள். கைபேசியில் அழைக்க வேண்டாம். அவர் எடுக்க மாட்டார். நேரில் போங்கள்.